மருந்தின் விலையும் கணக்கறையும்

மருந்து எங்கே பிறக்கிறது என்று மாணவரைக் கேட்டால் ஆய்வுக்கூடத்தில் என்பர். விடை சரியே. ஆனால் அங்கே பிறந்த மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேருமா, வந்தால் என்ன விலைக்கு வரும், இடையிலேயே கைவிடப்படுமா என்னும் வினாக்களுக்கு விடை எழுதப்படும் இடம் வேறு. அது மருந்து நிறுவனத்தின் கணக்கறை. அங்கு நடைபெறும் தொழிலுக்கு இந்நாளில் நிதித் திட்டமும் ஆய்வும் என்று பெயர். நம் தமிழ்ப்பள்ளிகளில் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைகளுள்ளும் சிலர் இன்று இத்தகைய வேலைகளில் அமர்கின்றனர். அத்தொழில் யாது, எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாமும் அறிந்திருத்தல் நன்று.

தோட்டத்து ஆபீசில் கிராணியார் செக்ரோல் எழுதியதை நம்மில் மூத்தோர் கண்டிருப்பர். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, எத்தனை ராத்தல் பால் சேர்ந்தது என்று நடந்து முடிந்ததை அவர் எழுதினார். மருந்து நிறுவனத்தின் திட்டக் கணக்கர் எழுதுவதோ பெரும்பாலும் இன்னும் நடவாததை. ஒரு நோய் எத்தனை பேருக்கு உண்டு? அவருள் மருத்துவரை நாடுவோர் எத்தனை பேர்? காப்புறுதி நிறுவனமோ அரசோ எவ்வளவு கொடுக்கும்? போட்டி மருந்து எந்த ஆண்டில் வரும்? காப்புரிமை எந்த நாளில் முடியும்? இவ்வளவையும் மதிப்பிட்டு, பத்தாண்டுக்குப் பின் வரக்கூடிய வெள்ளியை இன்றைய வெள்ளியாக மாற்றி, ஆய்வைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று மேலிடத்துக்குச் சொல்வது அவர் கடமை. எழுதிய பட்ஜெட்டை மாதந்தோறும் உண்மை வரவு செலவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் கூறுவதும் அவரே.

இந்த அறையின் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவருபவருக்கு ஒன்று தெளிவாகும். மன்றத்தில் மருந்தின் விலைக்குச் சொல்லப்படும் காரணம் ஒன்று. அறைக்குள் விலையை முடிவு செய்யும் கணக்கு மற்றொன்று. இவ்விரண்டும் முதன்முதலில் பலரறிய மோதிக்கொண்டது 1959ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க நாட்டின் தலைநகரில்.

டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த எஸ்டஸ் கெஃபாவர் என்னும் செனட்டர் அப்போது தனியுரிமை வணிகத்தை ஆராயும் செனட் துணைக்குழுவின் தலைவராக இருந்தார். ஜான் பிளேர் என்னும் பொருளியலார் அவருக்குத் துணை நின்றார். டிசம்பர் 7ஆம் நாள் விசாரணை தொடங்கியது. முதலில் அழைக்கப்பட்டவர் ஷெரிங் மருந்து நிறுவனத்தின் தலைவர். மூட்டுவலிக்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் மாத்திரை ஒன்றைச் செய்து புட்டியில் அடைக்கச் சுமார் ஒன்றரைக் காசு ஆகிறது என்று துணைக்குழு கணக்கிட்டிருந்தது. அதை மருந்துக்கடைக்காரருக்கு 17.9 காசுக்கு நிறுவனம் விற்றது. நோயாளி கொடுத்ததோ ஏறத்தாழ 30 காசு.

அடுத்து வந்த மருந்தின் கணக்கு இதனினும் வியப்பைத் தந்தது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு வரும் தொல்லைகளுக்கான புரோஜினான் என்னும் மாத்திரை அது. 60 மாத்திரை கொண்ட புட்டியில் அடங்கிய மூலப்பொருளின் விலை 11.7 காசு. கடைக்காரருக்கு அப்புட்டி 8 வெள்ளி 40 காசு. வேறுபாடு 7,079 விழுக்காடு. மறுநாள் செய்தித்தாள்களில் இவ்வெண் பெரிதாக வெளிவந்தது. மூலப்பொருளை ஷெரிங் தானே செய்யவில்லை, பிரான்சிலுள்ள ரூசல் நிறுவனத்திடம் வாங்கியது என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது.

நிறுவனங்கள் விடை கூறாமல் இல்லை. மூலப்பொருளின் விலையை மட்டும் வைத்து அடக்கவிலை காண்பது நேர்மையன்று. வெற்றி பெற்ற மருந்தின் விலையில்தான் தோல்வியுற்ற ஆய்வுகளின் செலவும் அடங்கும் என்றனர். இவ்விடையில் உண்மை உண்டு. ஆயின் அக்காலத்துப் பெரிய நிறுவனங்கள் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தம் வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கைச் செலவிட்டன. ஆய்வுக்குச் செலவிட்டது நூற்றுக்கு ஆறு அளவே என்று துணைக்குழு காட்டியது. 1962 அக்டோபர் 10ஆம் நாள் அதிபர் கென்னடி கையொப்பமிட்ட மருந்துச் சட்டம் கெஃபாவரின் பெயரைத் தாங்கியது. தாலிடோமைடு மருந்தால் ஊனமாகப் பிறந்த குழந்தைகளைக் கண்டு உலகம் நடுங்கியிருந்த வேளை அது. ஆகவே மருந்து பயன் தரும் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி சட்டத்தில் ஏறியது. விலையைப் பற்றி அவர் வேண்டியவை உதிர்ந்து போயின. விலைக்காகத் தொடங்கிய போர் வேறொரு வெற்றியில் முடிந்தது.

அச்சட்டத்தால் கணக்கறைக்கு வேலை பெருகியது. பயனை மெய்ப்பிக்கப் பல கட்டச் சோதனை வேண்டும்; சோதனைக்கு ஆண்டுகள் வேண்டும்; ஆண்டுகளுக்கு விலை உண்டு. 1979இல் ரொனால்ட் ஹான்சன் என்னும் பொருளியலார், புதிய மருந்து ஒன்றை உருவாக்க 5 கோடியே 40 இலட்சம் அமெரிக்க வெள்ளி ஆகிறது என்று எழுதினார். 1991இல் ஜோசப் டிமாசியும் அவருடைய கூட்டாளிகளும் அதனை 23 கோடியே 10 இலட்சம் என்றனர். 2003இல் அது 80 கோடியே 20 இலட்சமாயிற்று. 2016இல் வெளிவந்த கட்டுரையில் 255 கோடியே 80 இலட்சம்! மருந்துவிலையைப் பற்றி எங்கே பேச்செழுந்தாலும் நிறுவனங்களின் சார்பில் எடுத்துவைக்கப்படும் எண்கள் இவையே.

இவை எப்படி வந்தன? ஆறாம் ஆண்டு மாணவருக்குக் கூட்டு வட்டி கற்பிக்கும் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். 12 ஆண்டுக்கு முன் 100 வெள்ளியை ஆய்வில் போட்டார் ஒருவர். அதை வேறு தொழிலில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 11 விழுக்காடு கிடைத்திருக்கும் என்று கொள்வோம். 12 ஆண்டில் அது ஏறத்தாழ 350 வெள்ளி. எனவே கணக்கர் தம் ஏட்டில் 100 என்று எழுதுவதில்லை. 350 என்றே எழுதுகிறார். ரப்பர்க் கன்று நட்டுப் பால் வெட்டும் பருவம் வருமட்டும் ஐந்தாறு ஆண்டு வருமானமின்றிக் களையெடுத்து உரமிட்ட தோட்டத்துரைக்கும் இக்கணக்குப் புதிதன்று. 2003ஆம் ஆண்டுக் கட்டுரையின் 80 கோடிச் சொச்சத்தில் கையிலிருந்து உண்மையாகச் செலவானது 40 கோடியே 30 இலட்சந்தான். எஞ்சிய பாதி காத்திருந்த காலத்தின் கூலி.

இனித் தோல்வியின் கணக்கு. மனிதரிடம் சோதிக்கத் தொடங்கிய மருந்துகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 மட்டுமே விற்பனைக்கு வருகின்றன என்று 2016ஆம் ஆண்டுக் கட்டுரை கண்டது. அதாவது கரையேறும் ஒவ்வொரு மருந்தும், மூழ்கிய ஏழெட்டு மருந்துகளின் செலவையும் தன் தோளில் சுமந்துகொண்டு வருகிறது.

கணக்கு முறையில் குற்றமில்லை. ஆயினும் ஆசிரியன் ஒருவன் மாணவனிடம் செய்வழியைக் காட்டு என்று கேட்பதுபோல் இங்கும் கேட்கத் தோன்றுகிறது. அக்கட்டுரைகளுக்கு அடிப்படையான செலவு விவரங்களை நிறுவனங்களே தந்தன. அவை மறைவாக வைக்கப்பட்டன. பிறர் சரிபார்க்க வழியில்லை. ஆய்வு நிகழ்ந்த டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மையத்துக்கு மருந்து நிறுவனங்களின் நன்கொடையும் உண்டு. 2017இல் வினய் பிரசாத், சாம் மைலங்கோடி என்னும் இரு மருத்துவர்கள், பங்குச் சந்தைக்கு வெளியிடப்பட்ட அறிக்கைகளை மட்டும் கொண்டு பத்துப் புற்றுநோய் மருந்துகளை ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட நடுத்தர அளவு 64 கோடியே 80 இலட்சம். முன்னையோர் சொன்ன தொகையில் இது நாலில் ஒரு பங்கு. எடுத்துக்கொண்ட மருந்துகள் வேறு, முறை வேறு என்று மறுப்போர் உளர். மறுப்பு ஒருபுறமிருக்க, ஒரே பொருளுக்கு இவ்வளவு வேறுபட்ட இரு விடைகள் வருமாயின், விடையைக் காட்டிலும் செய்வழியே நாம் கேட்க வேண்டியது.

நிற்க. கணக்கறைக்குள்ளே நடந்த மாற்றத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் 1980இல் சேர்ந்து 1990இல் நிதித்துறைத் தலைவரான ஜூடி லூவென்ட் என்னும் அம்மையார் இத்தொழிலைப் புதிய நிலைக்கு உயர்த்தினார். அதுவரை கணக்கர் ஒரு மருந்துக்கு ஓர் எண்ணையே தருவர். லூவென்டின் குழுவினரோ, சோதனை வெற்றி பெறும் வாய்ப்பு, நோயாளர் தொகை, விலை, போட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, கணினியில் பகடையை உருட்டுவதுபோல் மீண்டும் மீண்டும் உருட்டிப் பார்த்தனர். மாண்டி கார்லோ என்னும் சூதாட்ட நகரின் பெயரே அம்முறைக்கும் பெயர். இறுதியில் கிடைப்பது, இவ்வளவு வர இவ்வளவு வாய்ப்பு, நட்டமாக இவ்வளவு வாய்ப்பு என்னும் ஒரு படம்.

அவர்கள் கையாண்ட மற்றொரு முறையை விளக்க நம் மொழியில் அருமையான சொல் ஒன்று உண்டு: அச்சாரம். நிலம் வாங்க நினைப்பவன் முழுப்பணத்தையும் கொட்டுவதில்லை. சிறு தொகையை அச்சாரமாகக் கொடுத்துவிட்டு, பத்திரமும் எல்லையும் சரிபார்த்துப் பின் மீதியைத் தருகிறான். சரியில்லையேல் அச்சாரத்தோடு விலகுகிறான். மருந்தாய்வின் தொடக்கச் செலவும் அத்தகையதே என்றார் லூவென்ட். முதற்கட்டச் சோதனை என்பது அடுத்த கட்டத்துக்குப் போகும் உரிமையை வாங்குவது. பங்குச் சந்தையில் அச்சார உரிமைகளுக்கு விலை காணும் சூத்திரத்தை அவர்கள் ஆய்வுக்குப் பயன்படுத்தியதை 1994இல் ஹார்வர்ட் பிஸினஸ் ரிவ்யூ இதழில் வெளிவந்த பேட்டியில் காணலாம். பழைய முறையில் நட்டம் என்று தள்ளப்படும் துணிவான ஆய்வுகள் இம்முறையில் உயிர் பிழைக்கக்கூடும். கணக்கு ஆய்வுக்குப் பகை என்று சொல்வோர் இதைக் கருத வேண்டும்.

ஆனால் எவ்வளவு நுட்பமான கணக்காயினும், நோயாளி என்ற சொல் அங்கே பணம் கொடுக்கக்கூடிய நோயாளி என்றே பொருள்படும். இதற்குச் சான்று அதே மெர்க் நிறுவனத்தின் ஐவர்மெக்டின். ஜப்பானியப் பேராசிரியர் சத்தோஷி ஓமுரா எடுத்த மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரைக் கொண்டு, மெர்க்கில் வில்லியம் கேம்பெலும் அவர் குழுவினரும் கண்டது அம்மருந்து. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. 1981 முதல் ஆடு மாடுகளின் புழுக்களுக்கு அது விற்பனையாகிப் பெரும்பொருள் ஈட்டியது. அதே மருந்து, ஆப்பிரிக்காவின் ஆற்றோரங்களில் ஒருவகைக் கரிய ஈ பரப்பும் புழுவால் கண்ணிழக்கும் மக்களுக்கும் பயன்படும் என்பதை முகம்மது அஸீஸ் என்னும் மருத்துவர் செனிகல் நாட்டுச் சோதனையில் கண்டார்.

மருந்து கைக்கு வந்துவிட்டது, வாங்குவோர் இல்லை. ஒரு மாத்திரைக்கு ஒரு காசு என்றாலும் கொடுக்க இயலாத மக்கள் அவர்கள். பணம் தருமாறு அரசுகளையும் பன்னாட்டு அமைப்புகளையும் நிறுவனம் நாடியது, பயனில்லை. 1987 அக்டோபர் 21ஆம் நாள், வேண்டுவோர்க்கு வேண்டுங்காலம் வரை இலவசமாகவே வழங்குவோம் என்று நிறுவனத் தலைவர் ராய் வேஜலாஸ் அறிவித்தார். பாராட்டத்தக்க செயல். ஆனால் கால்நடைச் சந்தை இல்லாதிருந்தால் அம்மருந்தே பிறந்திருக்குமா என்பது ஐயம். ஆப்பிரிக்க உழவரின் கண் மட்டுமே காரணமாக இருந்திருப்பின் எந்தத் திட்டக் கணக்கர் அதற்குப் பட்ஜெட் எழுதியிருப்பார்?

தோல்வி எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. பைசர் நிறுவனத்தின் லிப்பிடார் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்து 2006ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,290 கோடி அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. அதன் காப்புரிமை விரைவில் முடியும் என்பது கணக்கர் அனைவருக்கும் தெரியும். அவ்விடத்தை நிரப்ப டார்செட்ரபிப் என்னும் மருந்தை வளர்த்தனர். அதற்காக 80 கோடி வெள்ளி வரை செலவாகியிருந்தது. 2006 நவம்பர் 30ஆம் நாள் முதலீட்டாளர்களைக் கூட்டி அம்மருந்தைப் பற்றி நிறுவனம் நம்பிக்கையோடு பேசியது. இரண்டே நாளில், டிசம்பர் 2ஆம் நாள், சோதனை நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 15,000 பேர் பங்கு கொண்ட அச்சோதனையில், புதுமருந்து உண்டவருள் 82 பேர் இறந்திருந்தனர். உண்ணாதவருள் 51 பேர். அடுத்த மாதமே 10,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவில் லிப்பிடாரின் காப்புரிமையும் முடிந்தது. 2012இல் அதன் விற்பனை 390 கோடியளவுக்கு இறங்கிற்று. ஆகவே தோல்வியின் செலவு வெறும் சாக்கு என்று எவரும் சொல்ல முடியாது.

அப்படியாயின் விலையை முடிவு செய்வது அச்செலவுதானா? இதற்கு விடை காண அறையின் கதவு திறக்க வேண்டும். அது திறந்தது 2015இல்.

ஹெப்பாடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோயைப் பன்னிரண்டு வாரத்தில் குணப்படுத்தும் சோபோஸ்புவிர் என்ற மாத்திரையை ஃபார்மசெட் என்னும் சிறு நிறுவனம் கண்டது. அந்நிறுவனத்தைக் கிலியட் நிறுவனம் 1,100 கோடி அமெரிக்க வெள்ளி கொடுத்து வாங்கியது. 2013 டிசம்பரில் மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது அறிவித்த விலை 84,000 வெள்ளி. ஒரு மாத்திரை 1,000 வெள்ளி! ரான் வைடன், சக் கிராஸ்லி என்னும் இரு செனட்டர்கள், கட்சி வேறாயினும் கைகோத்து, 18 மாதம் இதை விசாரித்தனர். நிறுவனத்தின் உள் ஆவணங்கள் உட்பட 20,000 பக்கங்களை ஆராய்ந்து 2015 டிசம்பர் 1ஆம் நாள் அறிக்கை வெளியிட்டனர்.

அவ்வறிக்கையைப் படிப்போருக்கு ஒரு திட்டக் கணக்கரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். பல விலைகள் ஒப்பிடப்பட்டன. முன்னிருந்த சிகிச்சைக்கு என்ன செலவாயிற்று, எந்த விலையில் காப்புறுதியார் முகம் சுளிப்பர், எந்த விலையில் நோயாளர் சங்கங்கள் குரல் எழுப்பும் என்றெல்லாம் எடைபோடப்பட்டன. அடுத்து வரவிருந்த தம் கூட்டு மருந்துக்கு இவ்விலை படிக்கட்டாக அமைய வேண்டும் என்பதும் கருதப்பட்டது. அக்கூட்டு மருந்து 2014இல் 94,500 வெள்ளிக்கு வந்தது. கண்டுபிடித்த ஃபார்மசெட் நிறுவனம் முன்பு கணக்கில் வைத்திருந்த விலை 36,000 வெள்ளி என்பதையும் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. ஆய்வுச் செலவைத் திரும்பப் பெறுவதன்று, வருவாயைப் பெருக்குவதே நோக்கமாக இருந்தது என்பது செனட்டர்களின் முடிவு. அமெரிக்க மாநிலங்கள் பல, ஏழையருள் கல்லீரல் மிகக் கெட்டவர்க்கு மட்டுமே இம்மருந்து என்று வரிசை வகுத்தன. மற்றையோர் கல்லீரல் மேலும் கெடும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கணக்கர்களைக் கொடியவர் என்று நான் கூற வரவில்லை. பங்குதாரருக்குக் கடமைப்பட்ட நிறுவனத்தில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கு விடை எழுதினர். கேள்வியே அவ்வாறு அமைந்திருந்தது: இம்மருந்துக்கு உலகம் எவ்வளவு தரும்?

இக்கேள்விக்கு வேறு விதமாக விடையிறுத்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 2003ஆம் ஆண்டிலேயே எய்ட்ஸ் நோய்க்கான மருந்துகளை இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து தருவிக்க அரசு தன் உரிமையைப் பயன்படுத்தியது. காப்புரிமை பிறரிடம் இருப்பினும், பொதுநலம் கருதி அரசு அப்பொருளைப் பயன்படுத்த 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. 2017 செப்டம்பரில் அமைச்சரவை அதே வழியைச் சோபோஸ்புவிருக்கும் கையாண்டது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் சுப்பிரமணியம். ஹெப்பாடைட்டிஸ் சி மருந்துக்கு இவ்வுரிமையைப் பயன்படுத்திய முதல் நாடு மலேசியாவே. முடிவு வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், தன் மலிவு உரிமத் திட்டத்தில் மலேசியாவைக் கிலியட் தானாகவே சேர்த்துக்கொண்டது. அவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்புண்டா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.

இதனோடு, எகிப்து நாட்டின் ஃபார்கோ நிறுவனமும் இலாப நோக்கற்ற மருந்தாய்வு அமைப்பு ஒன்றும் நம் சுகாதார அமைச்சும் சேர்ந்து, ரவிடாஸ்விர் என்னும் துணை மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் சோதித்தன. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 300 அமெரிக்க வெள்ளி என்பதே இலக்கு. 84,000 எங்கே, 300 எங்கே! இந்த 300இலும் மூலப்பொருள், தொழிற்சாலைக் கூலி, உற்பத்தியாளர் இலாபம் ஆகியவை அடங்கும். அடங்காதது ஃபார்மசெட்டை வாங்கிய 1,100 கோடி. ரவிடாஸ்விர் 2021 ஜூன் மாதத்தில் மலேசியாவில் பதிவு பெற்றது.

கெஃபாவர் காலத்துக் கேள்வி இன்னும் ஓயவில்லை. 2019 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலகச் சுகாதார மன்றத்தில், இத்தாலி முன்மொழிந்த தீர்மானம் ஒன்று விவாதத்துக்கு வந்தது. நாடுகள் உண்மையாகக் கொடுக்கும் விலையை வெளியிட வேண்டும். ஆய்வுச் செலவையும் வெளியிட வேண்டும் என்பன அதன் முதல் வடிவில் இருந்தன. விலையைப் பற்றிய பகுதி நிறைவேறியது. செலவைப் பற்றிய பகுதி பேச்சுவார்த்தையில் மெலிந்து, விரும்புவோர் தரலாம் என்ற அளவில் நின்றது. பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி ஆகிய மூன்று நாடுகள் அத்தீர்மானத்திலிருந்தே விலகிக்கொண்டன.